ரன்வே தெரியுது சார்

இது நடந்தது. பேய்க் கதை எழுதுகிற ஒவ்வொருவனும் முதல் வரியிலேயே சத்தியம் செய்வான் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் நான் சத்தியமெல்லாம் செய்யப் போவதில்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன். விமானக் கம்பெனி எது என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். மற்றபடி, தல்லாகுளத்தில் அந்தப் பெண்ணின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவள் வாயால் கேட்டதை அப்படியே இறக்கி வைக்கிறேன். காற்றாட மொட்டை மாடிக்குப் போய்ப் பேசலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சட்டென்று சொல்லிவிட்டாள். ஏன் என்று எனக்குக் கடைசியில்தான் புரிந்தது.

அவள் பெயர் ஜானு என்று வைத்துக்கொள்வோம். சென்னைக்கும் மதுரைக்கும் பறக்கிற, இறக்கையில் காற்றாடி வைத்த சின்ன விமானத்தில் துணை விமானி. எழுபது பேர் உட்காரலாம். முன்னறையில் இடது பக்கம் கேப்டன், வலது பக்கம் இவள். அப்பா சொக்கநாதன் கோர்ட்டில் சிரஸ்தார். பொட்டப்பிள்ளைக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று சொந்தக்காரர்கள் நீட்டி முழக்கியபோது, ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டுப் படிக்க வைத்தவர்.

கேப்டன் குருபிரசாத்தும் மதுரைக்காரர்தான். ஜானுவுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். மதுரையில் தங்கும் நாளில் இவர்கள் வீட்டுக்கு வந்து உரிமையோடு இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். சொக்கநாதன் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். எது நடந்தாலும் "நான் பாத்துக்கிறேன்" என்பது குருபிரசாத்தின் வாடிக்கையான பேச்சு. அந்த ஒரு சொல்லை ஜானு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். சார் பக்கத்தில் இருக்கும்போது எனக்கு என்ன பயம் என்று அம்மாவிடம் அடிக்கடி சொல்வாள்.

விமானிகள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால், இறங்கிய ஊர்களைப் பற்றித்தான் பெருமையடித்துக்கொள்வார்கள். ஒருவர் லடாக்கில் லே பனிமலைகளுக்கு நடுவே புகுந்து இறங்கியதைச் சொல்வார். ஒருவர் கோழிக்கோட்டில் மலை உச்சியைச் சீவி வைத்த மேடையைச் சொல்வார். இன்னொருவர் அகத்தித் தீவில் இரண்டு பக்கமும் கடல், நடுவே கோடு போட்டது போல ரன்வே என்பார். குருபிரசாத் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி மாப்ள. மழ பேஞ்ச சாயங்காலம் கெழக்க இருந்து மதுரைல எறங்கியிருக்கியா?" என்பார். அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. அழகர்கோவில் மலை முதலில் வலது பக்கம் வரும். அப்புறம் யானைமலை, கால் நீட்டிப் படுத்துவிட்டது போல. கீழே வைகை. சுற்றிலும் கண்மாய்கள், தண்ணீர் இருக்கிற வருஷமாக இருந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு சூரியன் கிடக்கும். ஊருக்குக் கிழக்கே தெற்குப் பார்த்துப் பறக்கும்போது வலது ஜன்னலில் மீனாட்சி கோயில் கோபுரங்கள். பிறகு வலது பக்கம் திரும்பி மேற்கே பார்த்தால் எதிரே அஸ்தமனம், திருப்பரங்குன்றத்துப் பாறை, அதற்குத் தெற்கே ரன்வே.

கருவி காட்டுகிற வழியில் வந்தால் தூரம் அதிகம், ஆபத்துக் குறைவு. கண்ணால் பார்த்து இறங்கினால் சட்டென்று திரும்பிவிடலாம். குருபிரசாத்துக்குக் கண்ணால் இறங்குவதில்தான் ஆசை. அதற்கு ஒரே ஒரு நிபந்தனை. கேப்டன் ஓட்டும்போது துணை விமானி வெளியே பார்த்து, ரன்வே தெரிகிறது என்று வாயால் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் விமானம் திரும்பும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனாலும், கோபுரம் கண்ணில் பட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஊர் மதுரை. ஜானுவும் அப்படித்தான். மேலே இருந்து கோபுரம் தெரிந்ததும் கண்ணை மூடி, இரண்டு கன்னத்திலும் விரலால் தொட்டுக்கொள்வாள். ஒரு நொடிதான். வேலை நேரத்தில் அந்த ஒரு நொடியும் தப்பு. கேப்டன் கண்டிக்க வேண்டியவர், கண்டித்ததில்லை. "ஆத்தாட்ட சொல்லியாச்சா? எறங்கலாமா?" என்று சிரிப்பார்.

அது ஐப்பசி மாதம். சாயங்கால விமானம்.

சென்னையில் ஏறியதும் ஜானு முன்னறையைச் சரிபார்த்தாள். விமானிகளுக்குப் பின்னால் மடக்கி வைக்கிற ஒரு சின்ன இருக்கை உண்டு. சோதனைக்கு வருகிற அதிகாரி யாராவது உட்காருவதற்கு. அன்றைக்கு அது விரிந்து கிடந்தது. காலி இருக்கையில் பெல்ட் மாட்டியிருந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, பெல்ட்டைக் கழற்றி இருக்கையை மடக்கி வைத்தாள்.

குருபிரசாத் உள்ளே வந்தார். அந்த இருக்கையைப் பார்த்து ஒரு கணம் நின்றார்.

"இன்னைக்குப் பின்னாடி யாரும் வர்றாங்களா?"

"இல்ல சார்."

"ம்."

வழக்கமான கேலி எதுவும் இல்லை. வீட்டில் ஏதாவது சண்டையாக இருக்கும் என்று ஜானு விட்டுவிட்டாள்.

திருச்சியைத் தாண்டிய பிறகுதான் அந்தச் சத்தம். காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டில், ரேடியோ இரைச்சலுக்கு அடியில், மெல்லியதாக.

டிக்… டிக்… டிக்…

"சார், என்னமோ சத்தம் வருதே. உங்களுக்குக் கேக்குதா?"

"இல்லையே."

இல்லை என்று சொன்னவரின் கை ஒலியைக் குறைக்கும் திருகுக்குப் போனது. குறைத்தார். இன்னும் குறைத்தார். சத்தம் குறையவில்லை.

ஜானுவுக்கு அது நன்றாகப் பழகிய சத்தமாகத் தோன்றியது. தினம் தினம் கேட்கிற சத்தம். ஆனால் விமானத்தில் கேட்கிற சத்தம் இல்லை. எங்கே… எங்கே என்று யோசித்துக்கொண்டே தற்செயலாகப் பின்னால் திரும்பினாள்.

இருக்கை விரிந்திருந்தது. பெல்ட் மாட்டியிருந்தது.

பயணிகளைக் கவனிக்கும் ரோகிணியை உள் போனில் கூப்பிட்டாள். "முன்னாடி வந்தீங்களா?"

"இல்லையே மேடம். கதவே தொறக்கல."

கேப்டனிடம் சொல்லலாமா என்று பார்த்தாள். அவர் நெற்றியில் வேர்வை. அந்தக் குளிரில் வேர்வை.

அழகர்கோவில் மலை வந்தது. மழை கழுவிவிட்ட பச்சை. யானைமலை வந்தது. மேகத்துக்கு அடியில் சூரியன் இறங்கி, ஊர் முழுவதும் தங்க முலாம் பூசிக் கிடந்தது. இந்த மாதிரி ஒரு சாயங்காலத்தை அவள் பார்த்ததே இல்லை. ரசிக்க முடியவில்லை.

டிக்… டிக்…

குருபிரசாத் கண்ணால் இறங்க அனுமதி கேட்டார். டவரில் இருந்தவர், ரன்வே தெரிந்ததும் சொல்லுங்கள் என்றார்.

ஜானு பார்த்தாள். எதிரே வெறும் கண்கூச்சம். கண்மாய்த் தண்ணீர், நனைந்த தார், தகரக் கூரை… எல்லாம் ஒரே மினுக்கம்.

"இன்னும் தெரியல சார்."

"தேடு."

வலது ஜன்னலில் கோபுரங்கள் வந்தன. கை தன்னால் கன்னத்துக்குப் போனது. கண்ணை மூடினாள்.

"ரன்வே தெரியுது சார்."

பெண் குரல்.

பதற்றமில்லாத குரல். மிகப் பக்கத்தில். பிடரிக்குப் பின்னால்.

ஜானு சொல்லவில்லை.

"சரி…" என்று கேப்டன் ஏதோ சொன்னார். மீதி அந்த டிக் டிக்கில் அமுங்கிப் போனது. விமானம் வலது பக்கம் சாய்ந்தது.

கண்ணைத் திறந்தாள். எதிரே நீளமாக, நேராக, பொன்னாக ஒரு பாதை. அழகான பாதை. ஆனால் வெள்ளைக் கோடு இல்லை. எண் இல்லை.

அதன் மேல் இரண்டு விளக்குகள் நகர்ந்தன.

லாரி.

"சார், அது ரன்வே இல்ல. ரிங் ரோடு."

விமானம் தாழ்ந்துகொண்டே போனது.

"சார். ரன்வே தெக்க இருக்கு. மேல ஏத்துங்க."

அவர் முன்னால் பார்க்கவே இல்லை. தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்திருந்தார். யாரோ பேசுவதைக் கேட்பது போல.

உதடு அசைந்தது.

ரோட்டுப் பாலம் பெரிதாகிக்கொண்டே வந்தது. லாரியின் தார்ப்பாய். தார்ப்பாயைக் கட்டிய கயிறு…

கயிற்றின் முடிச்சு.

ஜானு தன் பக்கத்துச் சுக்கானைப் பிடித்தாள். வேக விசையைத் தள்ளினாள். இரண்டு கையாலும் சுக்கானை இழுத்தாள்.

விமானம் அலறியது.

மேலே.

மேலே…

டிக் டிக் சத்தம் நின்றுவிட்டது.

வானத்தில் ஏறி மூச்சு வந்த பிறகுதான் அந்தச் சத்தம் என்னவென்று அவளுக்குப் பிடிபட்டது. ஸ்கூட்டரில் திரும்புவதற்காக இண்டிகேட்டர் போட்டால் கேட்கிற சத்தம்.

இரண்டாவது முறை ஜானுதான் இறக்கினாள். கருவி சொன்ன வழியில், ஒழுங்காக. குருபிரசாத் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பயணிகளுக்கு ஒன்றும் தெரியாது. இறங்கும்போது ஒரு பெரியவர் அவளைப் பார்த்துக் கும்பிட்டு, "கோயில ரெண்டு தடவ சுத்திக் காட்டுனீகளே தாயி, நல்லா இருப்ப" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜானுவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

எல்லாரும் இறங்கிய பின் அவள் கேட்டாள்.

"சார், ரன்வே தெரியுதுன்னு சொன்னது யாரு?"

குருபிரசாத் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவர் கையிலேயே இருந்தது.

"டவரா இருக்கும்."

"டவர்ல ஆம்பளதான பேசுனாரு."

"வெயில் கண்ணக் கூசிருச்சும்மா. அம்புட்டுதான். நீ போட்டுக் கொழப்பிக்காத. நான் பாத்துக்கிறேன்."

நான் பாத்துக்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு நிம்மதி. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது சொக்கநாதனும், "தம்பி இருக்காப்லல்ல, பாத்துக்குவாரு" என்றார்.

பார்த்துக்கொண்டார்.

சென்னையில் விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள், இந்தப் பக்கம் கேப்டனும் ஜானுவும். முன்னறையில் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையையும் பதிவு செய்கிற கருவி விமானத்தில் உண்டு. அன்றைய பதிவைப் போட்டார்கள்.

முதலில் அந்த டிக் டிக். மின்சாரக் கோளாறாக இருக்கும் என்றார் ஒருவர். பிறகு ஜானுவின் குரல், இன்னும் தெரியல சார். கேப்டனின் குரல், தேடு. பிறகு…

"ரன்வே தெரியுது சார்."

அதற்கடுத்து கேப்டனின் பதில். அன்றைக்கு அமுங்கிப் போன பதில். பதிவில் துல்லியமாகக் கேட்டது.

"சரி, சுஷ்மா."

ஒரு அதிகாரி பதிவை நிறுத்தினார்.

"சுஷ்மாவா?" என்றார் அதிகாரி.

"பழக்க தோஷம் சார்," என்றார் குருபிரசாத். "முன்னாடி என்கூடப் பறந்த பொண்ணு பேரு. வாய் தவறி வந்திருச்சு."

அதிகாரி ஜானுவைப் பார்த்தார். "அது உங்க குரல்தானே?"

"இல்ல சார்."

"உள்ள எத்தன பேர் இருந்தீங்க?"

"ரெண்டு பேர்."

"அதுல பெண் யாரு?"

"நான் மட்டும்தான் சார்."

ஜானு கேப்டனைப் பார்த்தாள். அவருக்குத் தெரியும். கேட்ட மாத்திரத்தில் பெயர் சொல்லிப் பதில் சொன்னவருக்கு அது யார் குரல் என்று தெரியாமலா இருக்கும். பேய் பிசாசு என்றெல்லாம் அவர் சொல்ல வேண்டியதில்லை. அது ஜானுவின் குரல் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன், சொல்லுவார், சொல்லுவார் என்று காத்திருந்தாள்.

குருபிரசாத் மேசையைப் பார்த்தபடி சொன்னார். "ஜானுதான் சொன்னா. அவ சொல்லித்தான் நான் திரும்புனேன்."

அந்தக் குரலைக் கேட்டபோது கூட ஜானு இப்படி அதிர்ந்து போகவில்லை. மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பறந்த மனிதன், அவள் காப்பாற்றிய உயிர்களில் ஒன்று அவனுடையது, நான் பாத்துக்கிறேன் என்ற வாயாலேயே அவளைக் கீழே தள்ளிவிட்டான். அவர் இவர் என்று அவனை இனிமேல் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதனால் நானும் சொல்லப் போவதில்லை.

வெளியே நடைவழியில் அவளைத் தாண்டிப் போனவன் நின்றான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று அவள் நினைத்தாள்.

"அந்த நேரத்துல நீ பின்னாடி திரும்பிப் பாத்தியா?"

"இல்ல. கண்ண மூடியிருந்தேன்."

"நல்லது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

தப்பாகச் சொன்னவளே பிறகு திருத்திக்கொண்டாள் என்று முடிவு கட்டினார்கள்; மறு உத்தரவு வரும் வரை ஜானு பறக்கக் கூடாது என்று தீர்ப்பு. சொக்கநாதன் விவரம் கேட்டார். "கோர்ட்டுல இதுக்குப் பேரு பிறழ் சாட்சி," என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் தம்பி என்ற சொல்லைச் சொல்லவில்லை.

சுஷ்மா யார் என்று ரோகிணியிடம் கேட்டாள். போனில் ரோகிணி முதலில் தயங்கினாள்.

"உங்களுக்கு முன்னாடி அவர்கூடப் பறந்தவங்க மேடம். நாகமலை புதுக்கோட்டைக்காரங்க. அவங்களுக்கும் இதேதான். சாயங்காலம், ரிங் ரோடு, ரொம்பத் தாழ வந்துட்டாங்க. சுஷ்மாதான் ரன்வே தெரியுதுன்னு சொன்னாங்கன்னு கேப்டன் எழுதிக் குடுத்தாரு. அவங்க சொல்லவே இல்லன்னு அழுதாங்க."

"பதிவு இருக்குமே."

"விமானம் ஒடனே அடுத்த ஊருக்குக் கெளம்பிருச்சு. அது மேலயே புதுசு பதிஞ்சு பழைய பேச்சு அழிஞ்சுபோச்சு. வேலையும் போச்சு."

"இப்ப எங்க இருக்காங்க?"

ரோகிணி குரலைத் தாழ்த்தினாள். "மேடம்… அவங்க எறந்து மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு."

ஜானுவுக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். செத்துப் போனவள் மேல் கோபம். உனக்குத் துரோகம் செய்தவன் அவன். நான் உனக்கு என்ன செய்தேன்? அவனைப் பழிவாங்க என் தலைதானா கிடைத்தது? அதைக் கேட்பதற்கு ஆள் இல்லாததால், சுஷ்மாவின் அம்மாவைத் தேடிக்கொண்டு நாகமலை புதுக்கோட்டைக்குப் போனாள்.

முத்துமீனா பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறவர். வாசலில் நின்ற பெண்ணின் முகத்தைப் பார்த்ததுமே, "விமானத்துல இருந்து வாரியாம்மா?" என்று கேட்டார். உள்ளே கூட்டிப் போய்த் தண்ணீர் கொடுத்தார். சுவரில் சீருடையோடு சுஷ்மாவின் படம். சிரித்த முகம். ஜானுவின் கோபம் அந்தப் படத்துக்கு முன்னால் நிற்கவில்லை.

"சென்னையில வேலையை விட்டு எடுத்துட்டோம்னு காயிதத்தக் குடுத்துட்டாங்க," என்றார் முத்துமீனா. "சாயங்கால விமானத்துலயே பயணியா உக்காந்து வந்திருக்கா. ஸ்கூட்டர் ஏர்போட்டுல நின்னுச்சு. எடுத்துக்கிட்டு ரிங் ரோட்டுல வந்தவளப் பாலத்துக்குப் பக்கத்துல லாரி அடிச்சிருச்சு. போன் வந்து நான் ஓடிப் போய்ப் பாக்கையில, அவளக் கொண்டு போயிட்டாங்க. வண்டி மட்டும் கெடந்துச்சு."

சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இண்டிகேட்டர் போட்டிருக்கா. வீட்டுப் பக்கம் திரும்புறதுக்கு. ரோட்டுல ஆளே இல்ல. அது மட்டும் டிக் டிக்குன்னு அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. நான்தான் அணைச்சேன்."

ஜானு கையில் இருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். பெல்ட், சத்தம், குரல், எல்லாம். முத்துமீனா நம்ப மாட்டார் என்றுதான் நினைத்தாள். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"என்ன சொன்னா?"

"ரன்வே தெரியுது சார்னு."

முத்துமீனா மகளின் படத்தைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் இல்லை.

"சொல்லலம்மா, நான் சொல்லவே இல்லம்மான்னு எம்புட்டு அழுதா. சோறு திங்காம அழுதா. அப்ப… கடைசில சொல்லிட்டாளா."

அந்த வீட்டை விட்டு எப்படி வெளியே வந்தாள் என்று ஜானுவுக்கு இன்றைக்கும் நினைவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

ஜானு வீட்டில் சும்மா இருந்தாள். குருபிரசாத் பறந்துகொண்டிருந்தான். இனிமேல் பெண் துணை விமானிகள் வேண்டாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டானாம். ராம்கி என்று ஒரு பையன், ஜானுவிடம் அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டு வேலை பழகியவன், அவளுடைய இடத்தில் உட்கார்ந்தான். சாயங்காலமானால் ஜானு மொட்டை மாடிக்குப் போவாள். தெற்கே கோபுரங்கள். கிழக்கே அந்த விமானம் சின்னதாக வரும், தெற்கே போகும், திரும்பும். பார்க்கக் கூடாது என்று நினைப்பாள். பார்ப்பாள். வயிறு எரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை. மழை விட்டிருந்தது. அதே தங்க வெயில். கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். விமானத்தின் சத்தம் கேட்டது. கம்பெனி தராத வேலை, அப்பாவின் மௌனம், மேசையைப் பார்த்துக்கொண்டு அவன் சொன்ன பொய், எல்லாம் ஒன்றாக நெஞ்சில் வந்து அடைத்தது. நான் சொல்லாததைச் சொன்னேன் என்றாயல்லவா. இந்தா, வாங்கிக்கொள்.

கண்ணைத் திறக்காமல், வாய்விட்டுச் சொன்னாள். ஒரே ஒரு தடவை.

"ரன்வே தெரியுது சார்."

சொன்னதும் மனசு லேசாகிவிட்டது. கீழே இறங்கிக் காபி குடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. ராம்கி.

"அக்கா… நான் பேசுனத யார்ட்டயும் சொல்லிராதீங்க. என் வேல போயிரும்."

"என்னடா?"

"இப்பத்தான் எறங்குனோம். ரிங் ரோட்டுக்குப் போயிட்டாருக்கா. நான் புடிச்சு மேல ஏத்திட்டேன். எல்லாரும் பத்திரம்."

ஜானு எழுந்து நின்றாள்.

"உள்ள நாங்க ரெண்டு பேருதான். ரெண்டு பேருமே ஆம்பளைங்க. ஆனா ஒரு பொண்ணு குரல் கேட்டுச்சுக்கா. ரன்வே தெரியுதுன்னு."

சுஷ்மாதான், சுஷ்மா மறுபடி வந்துவிட்டாள் என்று ஜானு அவசரமாக நினைத்தாள். அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

"அவன் என்ன சொன்னான்?"

"சரின்னாரு."

"சரி, சுஷ்மான்னானா?"

ராம்கியின் மூச்சிரைப்புக்கு அடியில், போனுக்குள், மெல்லியதாக…

டிக்… டிக்… டிக்…

"இல்லக்கா," என்றான் ராம்கி. "சரி, ஜானுன்னாரு. எனக்கும் உங்க குரல் தெரியாதாக்கா? அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?"